சரிதா தைத்த கரை

வெப்படை போகும் சாலையில் இருக்கும் சென்னிமலையின் கம்பெனியில் தைக்கிற பைகளைத் தோளில் தூக்கிப் போட முடியாது. கிரேன் கொக்கியில் மாட்டித் தூக்கும் ஜம்போ பைகள் அவை. மரவள்ளி மாவும் சிமென்டும் ரசாயன உப்பும் அந்தப் பைகளில்தான் ஊர் ஊராகப் போகும். பை லாரி ஏறுவதற்கு முன்னால் கடைசியாகத் தொட்டுப் பார்ப்பவள் சரிதா. தையல் ஓரத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, முழங்காலை நடுவில் கொடுத்து இழுப்பாள். தாங்காத தையல் அந்த இடத்திலேயே வாயைப் பிளந்துவிடும்.

"கிழியறது எங்கிட்டயே கிழியட்டும்" என்பாள்.

சரிதா கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் காடுகளில் கிழங்கு பிடுங்கும் கூலிகள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நந்தகுமாருக்குக் கட்டிக் கொடுத்தபோது, விசைத்தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத இந்த ஊர் அவளுக்குப் பிடித்துப் போனது. சத்தமாகப் பேசினால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. முதலில் தறி நாடாவுக்கு நூல் சுற்றும் தார் வேலைக்குப் போனாள். பிறகு சென்னிமலையின் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தாள். அவளுடைய கிழக்கத்திப் பேச்சைக் கேட்டு மற்றப் பெண்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஒரு வருசத்துக்குள் அவளும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

அவள் செக்கிங் வேலைக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். லாரியில் பை ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறும் கட்டியாகிவிட்டது. அப்போது மெசினில் மிச்சமிருந்த நூலை இழுத்துப் பார்த்த சரிதாவுக்கு அது நைந்த நூல் என்று தெரிந்தது. யாரையும் கேட்காமல் லாரி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். டிரைவர் கத்தினார். சென்னிமலை ஓடி வந்து அவரும் கத்தினார். அவள் ஒரு பையை இழுத்துக் கீழே போட்டு, அவர் கையாலேயே தையலைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். அவர் இழுத்தார். வந்துவிட்டது. அன்று லாரி போகவில்லை. மறுநாள் முதல் சரிதா மெசினில் உட்காரவில்லை. தைத்து வரும் பைகளைச் சரிபார்க்கும் மேசை அவளுடையதானது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆண்டின் தொடக்கத்தில் கம்பெனிக்கு ஒரு புது மாதிரி ஆர்டர் வந்தது. துணி வழக்கமான நெய்த பிளாஸ்டிக் துணி அல்ல. கம்பளி போலத் தடிப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் கீழே ஒழுகிவிடும், மணல் மட்டும் உள்ளேயே நிற்கும். ஒரு பை ஒற்றைக் கட்டில் அளவு. ஒரு முனையில் வாய். மணலை நிரப்பி வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

"இது என்னத்துக்குங்கண்ணா?" என்று சரிதா கேட்டாள்.

"லட்சத்தீவுல ஒரு தீவாமா. கடல் கரையை அரிச்சிட்டே வருதாம். இதுல மணலை ரொப்பிக் கரையோரமா அடுக்குவாங்களாமா" என்றார் சென்னிமலை.

"கடற்கரையில மணலுக்கா பஞ்சம்? அதுக்குப் பை வேற வேணுமா?"

வரைபடம் போட்டவங்களைத்தான் கேக்கோணும் என்றார் சென்னிமலை. சென்னையிலிருந்து அறிவுச்செல்வி என்ற இளம் இன்ஜினியர் வரைபடத்தோடு வந்திருந்தாள். கடலோரப் பாதுகாப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தாள். வரைபடத்தில் உள்ளபடி பெண்கள் தைத்தார்கள். சரிதா இழுத்துப் பார்த்து அனுப்பினாள். பைகள் கொச்சிக்குப் போய், அங்கிருந்து படகில் தீவுக்குப் போயின. அதன் பிறகு கம்பெனி தன் வழக்கமான வேலைக்குத் திரும்பியது.

ஐப்பசியில் அறிவுச்செல்வியிடமிருந்து படங்கள் வந்தன. ஆனி, ஆடி மழைக்காலத்துக் கடல் பைகளை அடித்து நொறுக்கியிருந்தது. தூக்கி அடுக்கிய பைகள் பாதி காலியாகி, சுருங்கி, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. சில பைகளில் மணலே இல்லை. தையல் சரியில்லை என்று அவளுடைய நிறுவனம் எழுதியிருந்தது. அடுத்து வர வேண்டிய பெரிய ஆர்டரையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சென்னிமலை படங்களைச் சரிதாவிடம் காட்டும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. மெசின் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவளான பெருமாயி, "எல்லாம் நம்ம தையலாலயா?" என்று கேட்டாள்.

சரிதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"படத்துல தையல் தெரியலீங்கண்ணா. பை காலின்னுதான் தெரியுது. கிழிஞ்சதா, அவுந்ததா, வெட்டுனதா ஒன்னும் தெரியல. நேர்ல பாக்கோணும்."

"அங்க யாரு போறது?"

"நானுதான். வேற யாரு போவாங்க?"

வீட்டில் நந்தகுமார் முதலில் நம்பவில்லை. "நீயி கடலையே பாத்ததில்ல. ராமேஸ்வரம் போலாம்னப்பக்கூட லீவு இல்லைன்னுட்ட."

"கடலைப் பாக்கவா போறன். பையைப் பாக்கப் போறனுங்க."

அவன் சிரித்தான். பிளஸ் டூ படிக்கும் மகள் இலக்கியாவையும் சமையலையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். குழம்பு மட்டும் காரமாக வைத்துவிட வேண்டாம் என்று அவள் சொன்னதை அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

தீவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதை அறிவுச்செல்வியே வாங்கித் தந்தாள். சென்னிமலையும் சரிதாவும் ஈரோட்டில் ரயில் ஏறி எர்ணாகுளம் போனார்கள். கொச்சியில் அறிவுச்செல்வி சேர்ந்துகொண்டாள். கப்பல் கரையை விட்டு நகர்ந்த சிறிது நேரத்திலேயே சென்னிமலை படுத்தவர்தான், தீவு வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சரிதாவுக்கும் வாந்தி வந்தது. ஆனாலும் இடையிடையே மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயம் வரவில்லை. இவ்வளவு தண்ணீரும் ஒரு துணிப் பையின் மேல் வந்து மோதும் என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது.

தீவு அவள் நினைத்ததைவிடச் சின்னது. நடுத் தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. கிழக்குப் பக்கம் பச்சைப் பளிங்கு போல அமைதியான நீர். மேற்குப் பக்கம் வேறு மாதிரி. அங்கே தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து, தலையைக் கடலுக்குள் போட்டுக் கிடந்தன. கரை ஓர் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அரிபட்டிருந்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு வீடு. சமையலறைச் சுவரிலிருந்து பத்தடி நடந்தால் கடல்.

அந்த வீடு முத்துக்கோயாவினுடையது. சூரை மீன் பிடிக்கும் படகு வைத்திருந்தவர். இளவயதில் தூத்துக்குடியில் தோணியில் வேலை செய்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். போன முறை பை அடுக்க ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். வந்தவர்களுக்கு முதலில் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு சரிதாவிடம், "தங்கச்சி, கோபமாப் பேசணும்னு இருந்தேன். இவ்வளவு தூரம் வந்திட்டீங்க, இனி என்ன பேச" என்றார்.

"பேசுங்கண்ணா. பாத்துட்டு வாரேன், அப்புறம் பேசுங்க" என்றாள் சரிதா.

சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு பைகளுக்கு நடுவே இறங்கினாள். அலை இடுப்பு வரைக்கும் வந்து போனது. ஒவ்வொரு பையாகத் தையலைத் தடவினாள், கையை உள்ளே விட்டுத் துழாவினாள், முழங்காலைக் கொடுத்து இழுத்தாள். அறிவுச்செல்வியும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மதியம் தண்ணீர் ஏறத் தொடங்கியபோதுதான் இருவரும் கரைக்கு ஏறினார்கள்.

முத்துக்கோயாவும் சென்னிமலையும் தென்னை நிழலில் காத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் கூடியிருந்தார்கள்.

சரிதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முக்காவாசிப் பையில தையல் ஒரு நூலு வுடலீங்க. வாய்தான் அவுந்திருக்கு. அலை கயித்தை உருவி உருவி முடிச்சை இளக்கிடுச்சு. வாய் தெறந்ததும் மணலு போயிருச்சு."

சென்னிமலை மூச்சு விட்டார்.

"மிச்சப் பையில மூலைத் தையல் பிரிஞ்சிருக்கு. அது எங்க தப்பு. அந்த லாட்டுல துணி அகலம் கொறஞ்ச ரோலு. மடிப்புக்குத் துணி போதாம ஓரத்தோட ஒட்டித் தெச்சிருக்கோம். நாந்தான் சரின்னு அனுப்புனேன். காய்ஞ்ச பையை இழுத்தப்பத் தாங்குச்சு. நனைஞ்சு, மணலோட பாரத்துல அலை அடிச்சா தாங்காதுன்னு எனக்கு அப்பத் தெரியல."

யாரும் கேட்காததைச் சொல்லிவிட்டாளே என்று சென்னிமலையின் முகம் சுருங்கியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அறிவுச்செல்வி பேசினாள்.

"வாயை நான்தான் அப்படி வரைஞ்சேன் சார். குளத்துலயும் வாய்க்கால்லயும் அது போதும். இந்தக் கடலுக்குப் போதாது. ரெண்டு தப்பும் இருக்கு. ஆபீஸுக்கு நான் அப்படியே எழுதிடறேன்."

முத்துக்கோயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. தப்பு யாருதுன்னு தெரிஞ்சாச்சு. எங்க வீட்டுச் சுவருக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

புதுப் பை வரும், நிரப்பிக் கொள்ளலாம் என்று சென்னிமலை சொன்னார். எதை வைத்து நிரப்புவது என்று முத்துக்கோயா மறு கேள்வி கேட்டார். அப்போதுதான் சரிதாவுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

போன முறை படகுத் துறைக்கு ஆழம் தோண்டியபோது அள்ளிக் கொட்டிய மணல் ஒரு குவியலாக இருந்தது. அதைத்தான் பைகளில் நிரப்பினார்கள். அந்தக் குவியல் தீர்ந்துவிட்டது. அள்ளக்கூடிய வேறு மணல் தீவில் இல்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் மங்களூரிலிருந்து படகில் வருகிறது. அதை அரிசி மூட்டை போல வீட்டுக்குள் அடுக்கி வைக்கிறார்கள். தெருவில் நடந்து வரும்போது ஒரு வீட்டு முற்றத்தில் மணல் குவியலைப் பாய் போட்டு மூடி, மேலே கல் வைத்திருந்ததைச் சரிதா பார்த்திருந்தாள். கோழி கிளறாமல் இருக்க என்று நினைத்திருந்தாள். காற்றில் ஒரு பிடிகூடப் போகக் கூடாது என்பதற்காகவாம்.

"வடக்கு முனையில கரை நல்லா அகலமா இருக்கே. அங்க கொஞ்சம் அள்ளிக்கலாமுங்களே?" என்று சென்னிமலை கேட்டார்.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த முத்துக்கோயாவின் மனைவி ஹாஜரா தலை நிமிர்ந்து என்னவோ சொன்னாள். வேகமான மலையாளம். சரிதாவுக்குப் பாதிதான் விளங்கியது. முத்துக்கோயா தமிழில் சொன்னார்.

"அவ தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு. எங்க சுவரைக் காப்பாத்த அவ சுவரை இடிக்கணுமான்னு கேக்கறா. அவ சொல்றது நெசம். அங்க அள்ளினா அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் அரிக்கும். சட்டத்துலயும் இடமில்ல."

"இடமில்லதான்" என்றாள் அறிவுச்செல்வி.

அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடல் இன்னும் மேலே ஏறும். அரைகுறையாகக் கிடக்கும் பைகளில் இருக்கும் மணலும் அன்றோடு போய்விடும். புதுப் பை பள்ளிபாளையத்தில் தைத்து இங்கே வந்து சேர்வதற்குள் மாதக்கணக்காகும்.

சரிதா எழுந்து மறுபடி கரை விளிம்புக்குப் போய் நின்றாள். ஒரு டன் மாவு பிடிக்கிற பையில் ஓட்டை விழுந்தால் கம்பெனியில் என்ன செய்வோம்? மாவைக் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கிப் போடுவோம். இங்கே பை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், மணல் கிடைக்காது. அப்படியானால் கொட்டாமல் தைக்க வேண்டும். கிடக்கிற இடத்திலேயே.

திரும்பி வந்து முத்துக்கோயாவிடம், "அண்ணா, ஊட்டுல கோணி ஊசி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"அது என்ன?"

அவள் விரலை வளைத்துக் காட்டினாள். "சாக்கு தைக்கிற பெரிய ஊசி. நுனி வளைஞ்சிருக்கும்."

அவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தார். அதில் பாய்மரத் துணி தைக்கிற ஊசிகள் இருந்தன. கோணி ஊசியைவிடத் தடிப்பானவை, நுனி பட்டையாக இருந்தது. சரிதா ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். அது போதும் என்றாள். வலை பின்னுகிற நைலான் நூலும் அவர் வீட்டிலேயே உருண்டை உருண்டையாக இருந்தது. அதை முழங்கையில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். கையில் சிவப்புக் கோடு விழுந்தது, நூல் அறவில்லை.

"எங்க கம்பெனி நூலைவிட இது நல்ல நூலுங்கண்ணா" என்று சென்னிமலையிடம் சொன்னாள். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் வேலை தொடங்கியது. பாதி மணல் உள்ள இரண்டு பைகளை எடுத்து, ஒன்றின் மணலை இன்னொன்றுக்குள் கொட்டி நிறைத்தார்கள். அதை முத்துக்கோயாவின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். காலியான பையின் துணியைச் சரிதா வெட்டி, நிறைந்த பையின் மூலைகளில் ஒட்டுப் போட்டாள். வாய்க்கு அவள் வேறு வழி செய்தாள். தலையணை உறையில் ஒரு மடல் உள்பக்கமாக மடிந்து பஞ்சைப் பிடித்துக்கொள்வது போல, பையின் வாயில் ஒரு துணி மடலைத் தைத்து உள்ளே திருப்பிவிட்டாள். உள்ளே இருக்கும் மணல் அழுத்த அழுத்த மடல் தானாக வாயை அடைக்கும். வெளியே கயிறே கிடையாது. அலைக்குப் பிடித்து இழுக்க ஒன்றும் கிடைக்காது.

அறிவுச்செல்வி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இது நல்லா இருக்குக்கா. ஆனா மடல் இன்னும் நீளமா வேணும். பை உருண்டா மணல் ஒரு பக்கமாப் போயிடும், மடலை விட்டு விலகிடும்" என்றாள்.

"எவ்வளவு நீளம்?"

அவள் ஒரு குச்சியால் ஈர மணலில் வரைந்து காட்டினாள். சரிதா மடலைப் பிரித்து நீளமாகத் தைத்தாள். அந்தப் பையை அலை அதிகமாக மோதும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மறுநாள் காலையில் அது கொஞ்சம் உருண்டிருந்தது. வாய் மூடியே இருந்தது.

ஆனால் ஒருத்தியாகத் தைத்து முடிகிற வேலை அல்ல அது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஹாஜரா முதல் நாள் முழுதும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் தன் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு ஊசி. வலையின் கிழிசலை அடைத்துப் பழகிய கைகள். சரிதா தையல் போடும் முறையை ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள். ஹாஜரா போடும் முடிச்சு சரிதாவின் முடிச்சைவிட இறுக்கமாக விழுந்தது. சரிதா தன்னுடையதை விட்டுவிட்டு அதையே போட ஆரம்பித்தாள். பேச்சு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் போனது. உங்கள் ஊரில் கடல் இல்லையா என்று ஹாஜரா கேட்டாள். காவிரி இருக்கிறது என்றாள் சரிதா. அதில் மணல் இருக்கிறதா என்றாள் அவள்.

"இருந்துச்சு. வீடு கட்ட அள்ளி அள்ளி, சில இடத்துல பாறை தெரியுது. இப்பக் கருங்கல்லை அரைச்சுத்தான் மணல் பண்றாங்க" என்றாள் சரிதா.

ஹாஜராவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. கல்லை அரைப்பது போலக் கையால் செய்து காட்டியபோது அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கல்லை அரைக்கிறவர்களா என்று அவள் கேட்டதை முத்துக்கோயா மொழிபெயர்த்தார். கூடி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தாள். ஆனால் ஊசியைக் குத்தும்போது அந்தக் கேள்வி அவளுக்குள் கொஞ்ச நேரம் நின்றது. கெங்கவல்லியில் அவள் சின்ன வயதில் ஆற்று மணலில் கையால் தோண்டினாலே ஊற்று வரும். இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. அப்போது மணல் அள்ளியதைக் கேட்க யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஊரில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒருத்தி தலை நிமிர்ந்து கேட்டுவிட்டாள்.

உப்புத் தண்ணீரில் சரிதாவின் விரல் நுனிகள் வெடித்தன. ஊசி குத்திய இடங்கள் எரிந்தன. சென்னிமலை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் துணி வெட்டிக் கொடுக்க வந்தார். கம்பெனி தொடங்கிய காலத்தில் அவரே கட்டிங் மேசையில் நின்றவர்தான். கத்திரி கையில் வந்ததும் பழைய வேகம் வந்துவிட்டது. மதியம் ஹாஜராவின் வீட்டில் சோறு. தேங்காய் அரைத்த சூரை மீன் குழம்பு. வீட்டில் அசைவத்தில் ஆட்டுக்கறியைத் தவிர வேறெதையும் தொடாத சென்னிமலை முதல் நாள் ஊறுகாயோடு சாப்பிட்டார். மூன்றாம் நாள் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

அமாவாசைக்கு முதல் நாள் கடைசிப் பையின் வாயைச் சரிதா தைத்து முடித்தாள். எல்லாப் பைகளையும் காப்பாற்ற முடியவில்லை. தெற்கே ஒரு பகுதி வெறுமையாகவே இருந்தது. முத்துக்கோயாவின் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பள்ளிவாசல் கிணறு வரைக்கும் இரண்டு அடுக்கு நின்றது. அன்று கடல் ஏறியது. எல்லோரும் விளிம்பில் நின்று பார்த்தார்கள். அலை பை வரிசையில் மோதி மேலே சிதறி, பின்வாங்கி, மறுபடி வந்தது. சரிதா அலையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அலையும் வடிந்ததும் வாய்களைத்தான் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.

"போதுமா தங்கச்சி?" என்று முத்துக்கோயா கேட்டார்.

"மழைக்காலம் பாத்துட்டுச் சொல்றனுங்கண்ணா. இன்னிக்கிச் சொன்னா அது வெறும் பேச்சு" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் சென்னிமலை வேறு எந்த வேலையையும் எடுக்கும் முன்னால், மூலையில் மடிப்பு அதிகம் விட்டு, உள்மடல் வைத்து மாதிரிக்குச் சில புதுப் பைகளை வெட்டினார். அறிவுச்செல்வி சொன்னபடியே அறிக்கை எழுதியிருந்தாள். நிறுத்தி வைத்த ஆர்டர் உடனே வரவில்லை. அவளுடைய அலுவலகத்தில் சிலருக்கு இன்னும் சந்தேகம் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் பெருமாயி தினமும் கேட்பாள், சரிதா தினமும் ஒரே பதில் சொல்வாள். "நிக்கும். நிக்கலீன்னா மறுக்காப் போயித் தைப்போம்."

அந்த வார்த்தையில் அவளுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று நந்தகுமார் ஒருநாள் கேட்டான். ஆனி மாதக் காற்று பள்ளிபாளையத்தில் தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கே கடல் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

"தையல் நிக்கும். அதுல சந்தேகமில்லீங்க. கடல் பைக்குக் கீழ மணலை அரிச்சிருச்சின்னா பை முழுசா இருந்தும் சாயும். அதுக்கு எங்கிட்ட வழியில்ல. அறிவு மேடத்துக்கிட்டயும் முழு வழி இல்ல. பை வெச்சா கொஞ்ச வருசம் தள்ளிப் போடலாம்னுதான் அவங்களே சொல்றாங்க."

"கொஞ்ச வருசத்துக்கா இவ்வளவு பாடு?"

"கொஞ்ச வருசம்னா லேசாங்க? ஹாஜரா மக கல்யாணம் அந்த ஊட்டுலதான்னு பேசி வெச்சிருக்காங்க."

ஆவணியில் ஹாஜரா வீடியோ அனுப்பினாள். போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து பின்வாசலுக்கு நடந்து போனாள். சுவர் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பைகள் தெரிந்தன. பாசி படிந்து கறுத்திருந்தன. நடுவில் நாலைந்து பைகள் சரிந்து வரிசை உள்வாங்கியிருந்தது. தெற்குப் பக்கம் வெறுமையாக விட்ட இடத்தில் இன்னும் இரண்டு தென்னைகள் சாய்ந்துவிட்டன. ஆனால் வாய் திறந்த பை ஒன்றும் இல்லை. சரிதா மெசின்களை நிறுத்தச் சொல்லி, அந்த வீடியோவைக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினாள். தெற்குப் பக்கம் வந்தபோதும் போனைத் திருப்பவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. மழை முடிந்ததும் படகுத் துறையை மறுபடி ஆழம் தோண்டப் போகிறார்கள், பைகளுக்கு அந்த மணல் கிடைக்கும். அதோடு அறிவுச்செல்வி ஒன்று கேட்டாள். பைகளை அனுப்புவதோடு நிறுத்தாமல், அடுக்கும்போது வாய் தைக்கவும், அங்குள்ள பெண்களுக்குப் பழக்கிவிடவும் சரிதா ஒவ்வொரு தீவுக்கும் வர வேண்டும். சரிதா ஒத்துக்கொண்டாள். ஆனால் தனியாக வர மாட்டேன், எங்கள் பெண்கள் இரண்டு பேர் கூட வருவார்கள் என்றாள். ஹாஜராவுக்கும் அங்கே வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும் கூலி தர வேண்டும், போன முறை போலச் சும்மா தைக்கச் சொல்ல மாட்டேன் என்றாள். இரண்டையும் அறிவுச்செல்வி தன் அலுவலகத்தில் பேசி வாங்கிக் கொடுத்தாள்.

தை மாதம் சரிதா மறுபடி கப்பல் ஏறினாள். இந்த முறை பெருமாயியும், மெசினில் கெட்டிக்காரியான பிரவீனாவும் வந்தார்கள். பெருமாயி கப்பலில் புலம்பிக்கொண்டே வந்தாள். பிரவீனாவுக்கு ஒன்றும் செய்யவில்லை, அவள் எல்லோருடைய சாப்பாட்டையும் சாப்பிட்டாள்.

தீவில் இறங்கியதும் சரிதா பெட்டியை ஹாஜராவின் வாசலில் வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனாள். முதலில் அவளுக்கு இடம் பிடிபடவில்லை. செங்குத்தாக அரிபட்டிருந்த கரை இப்போது சரிவாக இறங்கியிருந்தது. மழை முடிந்த பிறகு அமைதியான கடல் மணலைக் கொண்டு வந்து பைகளின் மேல் போட்டிருந்தது. மேல் அடுக்கு முழுதும் மணலுக்குள் போய்விட்டது. அதன் மேல் அடம்பங்கொடி படர்ந்து, ஊதாப் பூக்கள் பூத்திருந்தன.

பெருமாயி பின்னால் வந்து நின்றாள். "எங்க நீ தெச்ச பையி?"

சரிதா குனிந்து மணலைக் கையால் விலக்கினாள். முழங்கை ஆழத்தில் சாம்பல் துணி தட்டுப்பட்டது. விரலால் ஓரத்தைத் தடவி, நைலான் முடிச்சு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு தோண்டிய மணலை ஒரு பிடி விடாமல் திரும்பத் தள்ளி மூடினாள்.

"இங்கதான் இருக்குது. இது இருக்கட்டும். தெக்க வேல கெடக்குது, தண்ணி வத்தறதுக்குள்ள துணியை எறக்கோணும், வாங்க" என்றாள்.

மூன்று பெண்களும் தெற்கே நடந்தார்கள். அங்கே ஹாஜராவும் அவள் தங்கையும் ஊசிகளோடு ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள்.